அசல் ஏன் அசையவே இல்லை? ஆரணியிலிருந்து ஒரு வட்டிக் கணக்கு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம். எண்களை எல்லாம் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் வேற ஒரு டாபிக் பேசுறதா சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வச்சிடலாம். ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவர் ஆரணி பக்கம் ஒரு நெசவு ஊர். காலேஜ் படிக்கிற பையன். பேர், ஊர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார், சொல்லல. அவர் கேட்டது இவ்வளவுதான்:

"ப்ரோ, அக்கா கல்யாணத்துக்கு அப்பா அம்பதாயிரம் வாங்கினாரு, மூணு வட்டிக்கு. ஒன்பது வருஷமா மாசம் தவறாம ஆயிரத்து ஐநூறு கட்டுறோம். அசல் இன்னும் அம்பதாயிரமாவே நிக்குது. இது எப்ப ப்ரோ முடியும்?"

இந்தக் கேள்விக்கு மேத்ஸ்ல துல்லியமான பதில் ஒண்ணு இருக்கு. அந்தப் பதிலுக்குப் போற வழியில நாம ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிட்டு மறந்துபோன ஒரு சாமான் தேவைப்படும். லாகரிதம். தமிழ் மீடியம்ல படிச்சவங்களுக்கு மடக்கை. அந்தப் பேரைக் கேட்டதும் ஹெட்ஃபோனைக் கழட்டாதீங்க, ப்ளீஸ். (சிரிப்பு)

முதல்ல சென்னை, பெங்களூர்ல கிரெடிட் கார்டு மட்டும் பார்த்து வளர்ந்தவங்களுக்காக ஒரு விளக்கம். 'மூணு வட்டி'ன்னா நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபாய். மூணு பைசா வட்டின்னும் சொல்வாங்க, ஒரு ரூபாய்க்கு மூணு பைசா, ரெண்டும் ஒண்ணுதான். கேட்கிறதுக்கு எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க. பேங்க்ல 12 சதவிகிதம்னு சொன்னா நமக்கு 'அய்யோ பன்னெண்டா'ன்னு தோணும். ஆனா பேங்க் சொல்றது வருஷத்துக்கு, இவங்க சொல்றது மாசத்துக்கு. பேங்கோட 12 சதவிகிதம் இந்தப் பாஷையில வெறும் 'ஒரு வட்டி'. மூணு வட்டின்னா வருஷத்துக்கு 36. வட்டிக்கு வட்டி போட்டா 36 கூட இல்ல, 42.6. எப்படின்னு சொல்றேன்.

வட்டி கட்டாம விட்டா, அந்த வட்டி அசல்ல சேரும். நூறு ரூபாய் அடுத்த மாசம் 103. அதுக்கு அடுத்த மாசம் 103-க்கு மூணு சதவிகிதம், 106.09. அந்த ஒன்பது பைசாதான் குட்டி. 'வட்டி குட்டி போடும்'னு பாட்டிங்க சொல்றது இந்த ஒன்பது பைசாவைத்தான். ஒவ்வொரு மாசமும் 1.03-ஆல பெருக்கணும். பன்னெண்டு தடவை பெருக்கினா 1.426. அங்கதான் அந்த 42.6 வருது.

இப்போ கேள்வி: கட்டாம விட்டா கடன் எத்தனை மாசத்துல ரெட்டிப்பாகும்? குட்டி போடலன்னா சுலபம். மாசம் மூணு ரூபாய், நூறு ரூபாய் சேர 33 மாசத்துக்குக் கொஞ்சம் மேல. குட்டி போட்டா? 1.03-ஐ எத்தனை தடவை பெருக்கினா 2 வரும்? அந்த 'எத்தனை தடவை'தான் நமக்குத் தெரியாத எண். அது மேல, அடுக்குல போய் உட்கார்ந்திருக்கு. கீழ இருந்தா கூட்டி, கழிச்சு, வகுத்துப் பிடிச்சிடலாம். மேல இருக்கிறதை எப்படி இறக்குறது? புத்தகம் இதை அடுக்குக்குறிச் சமன்பாடுன்னு சொல்லும். இறக்குறதுக்கான ஏணிதான் லாக்.

எனக்கு இது ஆரணியை வச்சு யோசிச்சப்போதான் நல்லா பிடிபட்டுச்சு. தறியில பட்டுப்புடவை நெய்யும்போது துணி எப்படி வளருது? பாவு மேல ஊடை ஒவ்வொண்ணா விழுந்து, இன்னைக்கு இத்தனை இன்ச், நாளைக்கு இத்தனை இன்ச். வேகம் கிட்டத்தட்ட ஒண்ணு. புடவை நீளத்தை ஒரு நாள் நீளத்தால வகுத்தா எத்தனை நாள்னு வந்திடும். கடன் அப்படி வளராது, பெருக்கிப் பெருக்கி வளரும். லாக் என்ன பண்ணுதுன்னா, பெருக்கி வளர்றதை எல்லாம் தறித்துணி மாதிரி கூட்டி வளர்றதா மாத்திக் கொடுக்குது. லாக் கணக்குல 1.03-ஆல ஒரு தடவை பெருக்குறது 0.01284 நீளம் நெய்யுறதுக்குச் சமம். ரெட்டிப்பாகுறதுக்கு வேண்டிய மொத்த நீளம் 0.30103. அப்போ 0.30103-ஐ 0.01284-ஆல வகுங்க. 23.45 மாசம்.

அவ்வளவுதாங்க. லாக் 2-ஐ லாக் 1.03-ஆல வகுத்தோம். 33 மாசம்னு நினைச்சது 24-வது மாசத்துலயே வந்து நிக்குது. அந்த ஒன்பது பைசா குட்டி பத்து மாசத்தைச் சாப்பிட்டுடுச்சு.

ரெண்டு வட்டின்னா 35 மாசம். அஞ்சு வட்டின்னா 14 மாசம். பத்து வட்டின்னா ஏழே கால் மாசம். கால்குலேட்டர் இல்லாம பண்ணணும்னா 72-ஐ வட்டியால வகுங்க, பக்கத்துல வந்திடும். மூணுக்கு 24, ரெண்டுக்கு 36. இந்தச் சுருக்குவழி 1494-ல இத்தாலியில லூகா பாச்சோலி எழுதின கணக்குப் புத்தகத்துலயே இருக்கு. நேப்பியர் லாகரிதத்தை வெளியிட்டது 1614-ல. அதாவது லாக் வர்றதுக்கு 120 வருஷம் முன்னாடியே அவங்களுக்கு 72 தெரிஞ்சிருக்கு. கடன் கொடுக்கிறவங்களுக்குக் கணக்கு எப்பவுமே சீக்கிரம் வந்திடும் போல.

சரி, பையனோட கேள்விக்கு வருவோம். அவங்க வீட்ல வட்டி கட்டாம விடல. மாசாமாசம் 1,500 கட்டுறாங்க. அம்பதாயிரத்துக்கு மூணு வட்டி எவ்வளவு? சரியா 1,500. குட்டி போடவே இல்ல. அப்போ கடன் ஏன் குறையல?

இதுக்கு ஃபார்முலா ஒண்ணு இருக்கு, இஎம்ஐ ஃபார்முலா. அதைச் சொன்னா யாருக்கும் ஒட்டாது. வேற மாதிரி பார்க்கலாம்.

மாசம் நீங்க கட்டுற தொகையை வச்சு ஒரு 'வேலிக்கோடு' போடுங்க. எந்தக் கடனுக்கு வட்டி மட்டுமே நீங்க கட்டுற தொகைக்குச் சமமா இருக்குமோ, அதுதான் கோடு. 1,600 கட்டுறீங்கன்னா, மூணு வட்டியில 1,600 வட்டி வர்ற கடன் எவ்வளவு? 53,333. உங்க கடன் 50,000. கோட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல இடைவெளி 3,333. இப்போ ஒரு விஷயம் நடக்கும், அதான் இந்த எபிசோடோட உயிர்நாடி. அந்த இடைவெளி ஒவ்வொரு மாசமும் 1.03-ஆல பெருகும். நம்ப வேண்டாம், போட்டுப் பாருங்க. முதல் மாசம் 1,500 வட்டிக்குப் போச்சு, 100 அசல்ல குறைஞ்சுது, கடன் 49,900. கோட்டுல இருந்து இடைவெளி 3,433. முன்னாடி 3,333. சரியா மூணு சதவிகிதம் கூடியிருக்கு. வட்டிக்காரருக்கு வளர்ற அதே வேகத்துல உங்களுக்கும் ஒண்ணு வளருது. கடன் எப்போ ஜீரோ ஆகும்? இடைவெளி 3,333-ல இருந்து 53,333 ஆகும்போது. அது 16 மடங்கு.

16 மடங்குன்னா நாலு ரெட்டிப்பு: 2, 4, 8, 16. ஒரு ரெட்டிப்புக்கு 23.45 மாசம்னு இப்பதானே கண்டுபிடிச்சோம். நாலுக்கு 93.8. ஆக 94 மாசம், ஏழு வருஷம் பத்து மாசம்.

இப்போ 2,000 கட்டுறீங்கன்னு வச்சுக்கோங்க. கோடு 66,667. இடைவெளி 16,667. நாலு மடங்கு ஆகணும். ரெண்டு ரெட்டிப்பு, 47 மாசம். 3,000 கட்டினா? கோடு ஒரு லட்சம், இடைவெளி அம்பதாயிரம், ரெண்டு மடங்கு ஆனா போதும். ஒரே ரெட்டிப்பு, 24 மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். மொத்தமா கட்டின பணத்தைப் பாருங்க. 1,600 வழியில ஒன்றரை லட்சம். 2,000 வழியில சுமார் 94 ஆயிரம். 3,000 வழியில சுமார் 70 ஆயிரம். கடன் அதே கடன்.

1,500 கட்டினா? கோடு எங்க இருக்கு? அம்பதாயிரத்துல. கடன் எங்க இருக்கு? அதே அம்பதாயிரத்துல. இடைவெளி ஜீரோ. ஜீரோவை 1.03-ஆல பெருக்கினா ஜீரோ. ஒன்பது வருஷம், 108 தடவை பெருக்கினாலும் ஜீரோ. அந்த வீட்ல இதுவரைக்கும் கட்டினது 1,62,000 ரூபாய்.

எப்ப முடியும்னு கேட்டார் இல்லையா, மேத்ஸோட பதில்: முடியாது. லாக் டேபிள்ல ஜீரோவுக்கு இடமே கிடையாது. பத்தை எத்தனை தடவை பெருக்கினாலும், எத்தனை தடவை வகுத்தாலும் ஜீரோ வராது. நம்ம ஊர் கிளார்க்ஸ் டேபிள் வச்சிருக்கிறவங்க எடுத்துப் பாருங்க, வரிசை ஆரம்பிக்கிறதே பத்துல இருந்துதான். ஸ்கூல்ல சார் 'லாக் ஜீரோ வரையறுக்கப்படவில்லை'ன்னு போர்டுல எழுதிட்டுப் போயிடுவார். அதோட அர்த்தம் ஒரு நெசவாளர் வீட்ல இப்படி நிக்கும்னு யாரும் சொல்லல.

இதுல இன்னொண்ணு கவனிச்சீங்களா? 1,500-க்கும் 1,600-க்கும் வித்தியாசம் நூறு ரூபாய். இந்த நூறு ரூபாய் 'என்னைக்கும் முடியாது'ங்கிறதை 'ஏழு வருஷம் பத்து மாசம்' ஆக்குது. அதுவே 2,900-ல இருந்து 3,000 போனா மிச்சம் ஒரு மாசம்தான். முதல் நூறுக்கு இருக்கிற பலம் கடைசி நூறுக்கு இல்ல.

இங்க நிறுத்திட்டு 'அதனால எல்லாரும் நூறு ரூபாய் சேர்த்துக் கட்டுங்க'ன்னு அட்வைஸ் பண்ணினா நான் ஒரு ஏசி ரூம் கணக்குப்பிள்ளை. ஏன்னா நிஜத்துல அந்த நூறு ரூபாயை வாங்க மாட்டாங்க. பையன்கிட்ட திரும்பக் கேட்டேன். "அசலை மொத்தமா கொண்டா, இல்லன்னா வட்டியை மட்டும் கொடு"ங்கிறதுதான் பேச்சாம். இது ஆரணியில மட்டும் இல்ல, தமிழ்நாடு முழுக்க இந்த மாதிரி கடன்ல கேட்கிற வசனம்தான்.

இந்த ஒரு வசனத்தோட விலை என்னன்னு பார்க்கலாமா? வட்டிக்காரர் வாங்க மாட்டேங்கிற அந்த நூறு ரூபாயை மாசாமாசம் ஆர்டி-யில போடுறீங்க. வருஷத்துக்கு 6 சதவிகிதம், மாசத்துக்கு அரைன்னு வச்சுக்குவோம். அம்பதாயிரம் சேர எத்தனை மாசம்? 1.005-ஐ எத்தனை தடவை பெருக்கினா 3.5 வரும்கிற கேள்வியில போய் முடியும். லாக் 3.5, 0.544. லாக் 1.005, 0.002166. வகுத்தா 251 மாசம். கிட்டத்தட்ட 21 வருஷம். அதே நூறு ரூபாய், கடன்ல போனா 94 மாசம், உண்டியல்ல போனா 251 மாசம். கூடுதலா 13 வருஷம். அந்த 13 வருஷமும் மாசம் 1,500 தனியா போய்க்கிட்டே இருக்கும். 'மொத்தமா கொண்டா'ங்கிறது வெறும் பிடிவாதம் இல்ல மக்களே, அதுதான் அந்தத் தொழிலோட லாபமே. வட்டி விகிதத்தை விட இந்த நிபந்தனைதான் மோசம்னு நான் சொல்வேன்.

நெசவுல இது இன்னும் கடுமையா அடிக்கும். ஆரணிப் பட்டு காஞ்சிபுரம் அளவுக்கு எடை இருக்காது, லேசா இருக்கும், அதுக்குன்னு தனி மார்க்கெட். புவிசார் குறியீடு வாங்கின பேர். ஆனா நெய்யுறவங்களுக்குக் கூலி புடவை முடிஞ்சாதான். பல பேர் முதலாளிகிட்ட பாவும் சரிகையும் வாங்கி, நெய்து கொடுத்து, கூலி வாங்குறவங்க. மழைக்காலத்துல குழித்தறியில ஈரம் ஏறிட்டா வேலை நின்னுடும். கூலிக்கு லீவு உண்டு, வட்டிக்கு லீவு கிடையாது. ஒரு மாசம் 1,500-க்குப் பதிலா 1,400 கட்டினா என்ன ஆகும்? கோடு 46,667-க்கு இறங்கிடும். கடன் கோட்டுக்கு மேல. இப்போ இடைவெளி எதிர்ப்பக்கமா பெருகும். அதே 1.03.

வட்டியை மாத்தினா என்ன ஆகும்னும் போட்டுப் பார்த்தேன். அதே அம்பதாயிரம், அதே 1,600. ஒரு வட்டியா இருந்தா, அதாவது வருஷத்துக்கு 12 சதவிகிதம், 38 மாசத்துல முடிஞ்சிடும். கைத்தறி நெசவாளர்களுக்குன்னு மத்திய அரசோட முத்ரா கடன் இருக்கு, 6 சதவிகித சலுகை வட்டி. அந்த வட்டியில போட்டா 34 மாசம், 35-வது மாசம் சில்லறை. மூணு வட்டியில 94. முத்ரா தொழிலுக்குக் கொடுக்கிற கடன், கல்யாணத்துக்கு இல்லைங்கிறது தெரியும். ஆனா தறிக்கும் நூலுக்கும் ஆகுற செலவு அங்க இருந்து வந்தா, வெளியில வாங்க வேண்டியது அந்த அளவுக்குக் குறையும்.

சட்டம் இல்லையா? இருக்கு. 2003-ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டம். அந்தச் சட்டத்தை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, ரசிக்கலாம். இங்கிலீஷ்ல எழுதின சட்டம், ஆனா நடுவுல கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு நம்ம வார்த்தைங்க அப்படியே உட்கார்ந்திருக்கும், ஒவ்வொண்ணுக்கும் விளக்கத்தோட. மணிக்கணக்கு வட்டின்னு கூட ஒண்ணு இருக்கு. மணிக்கு வட்டி! எவ்வளவு வகை இருந்திருந்தா சட்டம் எழுதுறவங்க இவ்வளவு பட்டியல் போட்டிருப்பாங்க.

இங்க ஒரு சின்ன டீடூர். ரெட்டிப்பு ரெட்டிப்பா எண்ணினோம் இல்லையா, 16-க்கு நாலு, 4-க்கு ரெண்டுன்னு. இது 2-ஐ அடிமானமா வச்ச லாக். ப்ரோகிராமிங்ல நாங்க தினமும் புழங்குற லாக் இதுதான். இதுக்கு நேப்பியருக்கு எட்டு நூற்றாண்டு முன்னாடியே இந்தியாவுல ஒரு பேர் இருந்திருக்கு: அர்த்தச்சேதம். அர்த்தம்னா பாதி, சேதம்னா வெட்டுறது. ஒரு எண்ணை எத்தனை தடவை பாதியா வெட்டினா ஒண்ணு வரும்? 16-க்கு நாலு வெட்டு. 9-ஆம் நூற்றாண்டு வாக்குல ஜைன ஆச்சாரியர் வீரசேனர் எழுதின தவளா உரையில இது வருது. மூணால வெட்டுறதுக்கு, நாலால வெட்டுறதுக்கும் தனித்தனி பேர் வச்சிருக்கார். ரெண்டு எண்ணைப் பெருக்கினா அதோட வெட்டுகளைக் கூட்டினா போதும்கிற விதியையும் சொல்லியிருக்கார். நாம லாக் ஃபார்முலான்னு மனப்பாடம் பண்ணினது அதுதான்.

இதை ஏன் ஆரணி எபிசோடுல இழுக்கிறேன்னா, ஆரணி தமிழ்ச் சமணர்களோட நாடு. ஊருக்குப் பக்கத்துலயே பூண்டியில பழைய அருகர் கோயில். அந்தப் பக்கம் போளூர்கிட்ட திருமலை, நேமிநாதர் சிலை பிரம்மாண்டமா நிக்கும். வீரசேனர் இங்க வந்தார்னு சொல்லல, அப்படி எல்லாம் கதை கட்ட மாட்டேன். உலகத்துல எத்தனை உயிர்கள், எத்தனை காலம்னு கணக்குப் போட ராட்சச எண்கள் தேவைப்பட்ட ஒரு மரபு, அந்த எண்களைக் கைக்கு அடக்கமா ஆக்க வெட்டி வெட்டிப் பார்த்திருக்கு. அந்த மரபோட கோயில்கள் நிக்கிற மண்ணுல அதே கணக்கு வேற காரணத்துக்காகத் தேவைப்படுது.

இப்போ கடன் வாங்குறவங்க பக்கத்துல இருந்து பணம் போடுறவங்க பக்கம் போகலாம். ஏன்னா இந்த வட மாவட்டங்கள் அந்த அடியையும் வாங்கியிருக்கு. ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 மே மாசம் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் இறங்கினப்போ வெளிய வந்தது. மாசம் 25-ல இருந்து 30 சதவிகிதம் வரைக்கும் தர்றதா சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட இருந்து சுமார் 2,438 கோடி ரூபாய் வாங்கினதா போலீஸ் சொன்னாங்க. வழக்கு விவரத்துக்குள்ள நான் போகல, அது கோர்ட்டு வேலை. எனக்கு அந்த 30-தான் வேணும். முப்பது வட்டி.

ஒரு கற்பனைக் கம்பெனி எடுத்துக்குவோம். ஆரம்பத்துல 100 பேர், ஆளுக்கு ஒரு லட்சம். வாக்குறுதி மாசம் 30 சதவிகிதம். தொழில் எதுவும் இல்ல, புதுசா வர்றவங்க பணத்தை எடுத்துப் பழையவங்களுக்குக் கொடுக்குறாங்க. கம்பெனி நடத்துறவங்க அந்தக் காசுல ஒரு டீ கூட குடிக்கலன்னு கூட வச்சுக்கோங்க. அவ்வளவு நல்லவங்க. (சிரிப்பு) அப்பவும் 100 பேருக்கு 30 லட்சம் கொடுக்க, 30 பேர் புதுசா வரணும். அடுத்த மாசம் 130 பேருக்குக் கொடுக்க 39 பேர். ஒவ்வொரு மாசமும் ஆட்கள் எண்ணிக்கை 1.3-ஆல பெருகியே ஆகணும். லாக் 1.3, 0.1139.

ஆரணி நகராட்சியில 2011 கணக்கெடுப்புப்படி 63 ஆயிரத்துச் சொச்சம் பேர். 100 பேர் 63 ஆயிரம் ஆகணும்னா சுமார் 636 மடங்கு. லாக் 636, 2.8035. வகுங்க, 24.6. அதாவது 25-வது மாசம் ஆரணியில தொட்டில்ல இருக்கிற குழந்தை வரைக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டாலும் பத்தாது. சரி, வெளியூர் போகலாம். தமிழ்நாடு மொத்தமும், அதே கணக்கெடுப்புல 7 கோடியே 21 லட்சம். 52-வது மாசம் அதுவும் காலி. உலகம்? 800 கோடி பேர். 70-வது மாசம். ஆறு வருஷம் கூட ஆகல, பூமியில ஆள் தீர்ந்துடுச்சு.

இந்த எண்கள்ல என்னை உலுக்கினது 70 இல்ல. ஆரணியில இருந்து தமிழ்நாட்டுக்குப் போக 27 மாசம், தமிழ்நாட்டுல இருந்து மொத்த உலகத்துக்கும் போக 18 மாசம்தான். ஏன்னா லாக்குக்கு ஊர், நாடு, உலகம் எல்லாம் தெரியாது, எத்தனை மடங்குன்னு மட்டும்தான் தெரியும். முப்பது வட்டியில ஒரு பூஜ்யம் கூடுறதுக்கு ஒன்பது மாசம் கூட ஆகாது, 8.8 மாசம். தமிழ்நாட்டோட ஜனத்தொகை ரெண்டு மடங்கா இருந்திருந்தா அந்தக் கம்பெனி எவ்வளவு காலம் கூட ஓடியிருக்கும்? 2.64 மாசம்.

"ஆனா முதல் அஞ்சு மாசம் கரெக்டா பணம் வந்துச்சே"ன்னு சொன்னவங்க நிறைய. வரும். வரத்தான் செய்யும். 100 பேர் 371 பேர் ஆகுறது எந்த ஊர்லயும் நடக்கும். கணக்கு உடையுறது கடைசி சில மாசத்துல, அந்த நேரத்துலதான் உள்ள இருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வந்திருப்பாங்க. இதையும் லாக் சொல்லும்: 1.3-ஐ எத்தனை தடவை பெருக்கினா 4 வரும்? 5.3. அதாவது எந்த மாசத்துல நின்னு பார்த்தாலும், இருக்கிறவங்கள்ல நாலுல மூணு பேர் கடைசி அஞ்சரை மாசத்துக்குள்ள சேர்ந்தவங்க. அவங்களுக்கு 30 சதவிகிதம் அஞ்சு தடவைதான் வந்திருக்கும், மொத்தம் ஒன்றரை மடங்குன்னு நினைக்காதீங்க, அது முக்கால்வாசிப் பேர்ல ரொம்ப முன்னாடி வந்தவங்களுக்கு. கடைசி மூணு மாசத்துல சேர்ந்தவங்களே பாதிக்கு மேல. போட்ட லட்சம் கூட அவங்களுக்குத் திரும்பி வந்திருக்காது. பையனோட ஊர்லயும் இந்த மாதிரி ஸ்கீம்ல நகையை அடகு வச்சுப் போட்டவங்க இருக்காங்களாம். ரெண்டு பக்கமும் 1-க்குப் பக்கத்துல ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குறதுதான். 1.03 பொறுமையா கொல்லும், 1.3 அவசரமா.

கடைசியா, லாக் டேபிள் தேடி அலைய வேண்டாம். போன் கால்குலேட்டரைச் சாய்ச்சுப் பிடிச்சா சயின்டிஃபிக் பட்டன் வந்திடும், லாக் அதுலயே இருக்கு. எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ்ல இன்னும் சுலபம். 'என், பி, ஈ, ஆர்'னு நாலு எழுத்துல ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதுக்குள்ள மாச வட்டி, கட்டுற தொகை, கடன், இந்த மூணையும் இந்த வரிசையில கொடுங்க, கட்டுற தொகைக்கு முன்னாடி மட்டும் மைனஸ் போடுங்க. எத்தனை மாசம்னு சொல்லிடும். 3 சதவிகிதம், மைனஸ் 1,600, 50,000 கொடுத்தா 93.8. வீட்ல யாராவது மாசாமாசம் வட்டி கட்டுறாங்கன்னா, அவங்க எண்ணை இன்னைக்கே போட்டுப் பாருங்க. 1,600-ஐ 1,500-ஆ மாத்திப் பாருங்க, அந்தக் கட்டத்துல எண் வராது. எரர் வரும்.

அடுத்த வாரம், தள்ளிப் போட்ட அந்த டாபிக். ஷீட்டை எபிசோடு பக்கத்துல போட்டு வைக்கிறேன், எடுத்துக்கோங்க.